கம்பத்தில் ஒட்டிய மூன்று மொட்டைகள்

டோப்ரின்காவைப் பற்றி இப்போது ஊரில் எல்லாரும் நல்லபடியாகத்தான் பேசுகிறார்கள். ரக்கியா சாராயத்தில் செத்தவளுக்கென்று ஒரு சொட்டைத் தரையில் விட்டுவிட்டு, "கடவுள் அவளை மன்னிக்கட்டும், தங்கமான பொம்பளை" என்கிறார்கள். இதே வாய்கள் போன குளிர்காலத்தில் என்ன பேசின என்று எனக்குத் தெரியும். என் வாயும் அதில் ஒன்று. அதனால் அவள் கதையை நான் சொல்வதுதான் நியாயம். மற்றவர்கள் சொன்னால் பூ வைத்து, பூசி மெழுகிவிடுவார்கள்.

என் பெயர் இஸ்க்ரா. ஊர்ப் பாலர் பள்ளியில் துணி துவைக்கிறவள். டோப்ரின்கா அங்கே சமையல்காரி. அதற்கு முன்னால் பீங்கான் தொழிற்சாலையில் ஒன்பது வருஷம் கோப்பைகளுக்குக் கைப்பிடி ஒட்டினாள். தொழிற்சாலையை மூடினார்கள், பள்ளிக்கூட அடுப்படிக்கு வந்தாள், இருபத்திரண்டு வருஷம் நின்றாள். எங்கள் ஊரில் முப்பது வயதுக்குக் கீழே இருக்கிற எவனைக் கேட்டாலும் அவள் வைத்த இறைச்சி உருண்டை சூப்பைச் சாப்பிட்டு வளர்ந்தவனாகத்தான் இருப்பான். அவர்களில் பாதிப்பேர் இன்று ஜெர்மனியில், மீதி ஸ்பெயினில். பல்கேரியாவின் வடமேற்கு மூலையில் பிறந்தவனுக்கு வேறு போக்கிடம் ஏது?

புருஷன் குடித்துவிட்டு அடுத்தவன் வீட்டு ஓடு மாற்றப் போய்க் கூரையிலிருந்து விழுந்து செத்தான். அப்போது மகன் ஸ்விலெனுக்குப் பதினொரு வயது. அவள் அழுததை நான் பார்க்கவில்லை. மறுநாள் காலை பள்ளிக்கூடத்தில் பாலைக் காய்ச்சினாள், அரிசியைப் போட்டுப் பால்சோறாக்கினாள், மேலே பட்டைத்தூள் தூவினாள். பிள்ளைகள் சாப்பிட்டன. அவள் முரட்டு வாய்க்காரி, சண்டைக்காரி, தப்பு நடந்தால் தலைமையம்மாவையே கரண்டியைக் காட்டிப் பேசுவாள். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கர்வம். தலைமுடி. இடுப்பு வரைக்கும், மருதாணிச் சிவப்பு. பின்னி, தலையைச் சுற்றிக் கட்டி, மேலே வெள்ளைத் தொப்பி. வேலை முடிந்து தொப்பியை எடுக்கும்போது அடுப்படி ஜன்னல் பக்கம் ஆண்பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு வேலை வந்துவிடும்.

ஐம்பத்து நாலாவது வயதில் மார்பில் கட்டி. எங்கள் ஊரில் அந்த நோயின் பெயரைச் சொல்லமாட்டார்கள். "அவளுக்கு அந்தக் கெட்டது வந்திருக்காம்" என்று குரலைத் தாழ்த்துவார்கள், ஏதோ அது கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி. ஒரு மார்பை எடுத்தார்கள். மருந்து ஏற்ற ஏற்ற முடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் கிடந்தது. அதைப் பாலிதீன் பையில் போட்டுக் குப்பையில் எறிந்தவள் நான்தான்.

ஜெர்மனியில் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஸ்விலெனிடம் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் வீடியோவில் கூப்பிடும்போது மாட்டிக்கொள்ள ஒரு சவுரித் தொப்பி வாங்கினாள். இரண்டாவது வாரமே அடுப்பிலிருந்து பனிட்சா ரொட்டியை எடுக்கக் குனிந்தவளின் நெற்றி முடி அனலில் சுருண்டு பொசுங்கிவிட்டது. நைலான்தானே. அதற்குப் பிறகு "போன் கேமரா கெட்டுப்போச்சுடா" என்று சொல்லிவிட்டாள். நாலு மாதம் அவன் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

பிப்ரவரியில் தலையில் துணி கட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்தாள். திரும்ப வேலைக்குச் சேர்த்துக்கொள்ளக் கேட்டாள். தலைமையம்மா மாரியெலா அவளைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி ஒரு அடி தள்ளி நின்றுகொண்டு சொன்னாள்:

"டோப்ரின்கா கண்ணு, முதல்ல உடம்பைப் பாரு. முடியெல்லாம் வளரட்டும். பெத்தவங்க ஒரு மாதிரி பேசுறாங்க. புள்ளைங்களும் பயந்துக்கும்."

"புள்ளைங்க எதுக்குப் பயப்படணும்? நான் தலையையா வேகவெச்சுப் போடப் போறேன்? சமையல்காரிக்கு முடி இல்லாட்டி சூப்புல முடி விழாது. உங்களுக்கு லாபம்தானே?"

யாரும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் பீங்கான் கோப்பையில் காபி வந்தது. அவளுக்குப் பிளாஸ்டிக் கோப்பை. அவள் அதைப் பார்த்தாள், குடித்தாள். முப்பத்தொரு வருஷத்துக்கு முன் அந்தப் பீங்கான் கோப்பைகளுக்குக் கைப்பிடி ஒட்டியவளே அவளாக இருக்கலாம்.

நான் பெரிய யோக்கியம் என்று நினைக்கவேண்டாம். அவள் விடுப்பில் போகும்போது கழற்றி வைத்த அடுப்படி ஏப்ரனை அன்றைக்கு நான் தனியாக, பிளீச் ஊற்றி, கையுறை போட்டுக்கொண்டு துவைத்துக்கொண்டிருந்தேன். முப்பது வருஷ சிநேகிதி. மார்புக் கட்டி துணியில் ஒட்டாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் கை போகவில்லை. திரும்பிப் பார்த்தால் அவள் துவைக்கிற அறை வாசலில் நிற்கிறாள்.

"அலசினதுக்கப்புறம் கைக்குக் கிரீம் தடவிக்கோ, இஸ்க்ரா. பிளீச் தோலைத் தின்னும்" என்றாள். போய்விட்டாள்.

அவள் திட்டியிருந்தால் நானும் இரண்டு திட்டித் தீர்த்திருப்பேன். மூன்று நாள் எனக்குத் தூக்கம் இல்லை.

மார்ச் எட்டு வந்தது. அன்று பெண்கள் தினம், அம்மாக்கள் தினம் எல்லாம் ஒன்றுதான். ஊரில் எந்தப் பெண்ணும் அன்று தலையை அலங்கரிக்காமல் வெளியே வரமாட்டாள். முடிதிருத்தும் கடையில் ஜனவரியிலேயே நேரம் சொல்லி வைத்துக்கொள்வோம். சாயங்காலம் வேலையிடத்துப் பெண்களுக்கெல்லாம் உணவகத்தில் விருந்து, ஆட்டம். மாரியெலா டோப்ரின்காவுக்குப் போன் செய்து, "நீ அலைய வேண்டாம், உன் பரிசை வீட்டுக்கே அனுப்பிடறோம்" என்றாளாம்.

இதைக் கேட்டதும் குழந்தைப் பிரிவில் உதவியாளாக இருக்கிற ஸெவ்தாவுக்குத்தான் முதலில் கொதித்தது. இருபத்தெட்டு வயதுக்காரி, கண்ணாடியை விட்டு நகராதவள். அவள் சொன்ன யோசனைதான் எல்லாம். ஏழாம் தேதி மாலை, எனக்குக் குறித்து வைத்திருந்த நேரத்தில், மூவரும் கடைக்குப் போனோம்.

"எனக்கு அங்க என்னடி வேலை? மண்டைக்குப் பாலிஷ் போடவா?" என்றாள் டோப்ரின்கா வழியெல்லாம்.

கடை நிறைய பெண்கள், தலை நிறைய சுருள்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து, "மொட்டை" என்றேன். கடைக்காரி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சலா என்று.

"நாளைக்கு மார்ச் எட்டு, இஸ்க்ராக்கா!"

"எனக்குத் தேதி தெரியும். போடு."

என் தலை பெரிய இழப்பில்லை. ஸெவ்தா உட்கார்ந்தபோதுதான் கடையே எழுந்து நின்றது. "கல்யாணம் ஆகாத பொண்ணு, கெட்ட சகுனம்" என்றாள் ஒருத்தி. "அந்தக் காலத்துல ஜெயிலுக்குப் போனவளுக்குத்தான் சிரைப்பாங்க" என்றாள் இன்னொருத்தி. ஸெவ்தா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். முதல் பட்டை முடி மடியில் விழுந்ததும் அதைக் கையில் பொத்திக்கொண்டாள். டோப்ரின்கா அப்போதுதான் தலைத்துணியை அவிழ்த்தாள். நாலு மாதமாக யார் முன்னாலும் அவிழ்க்காத துணி. "பாரு, வலிக்காது" என்று சொல்லிப் பக்கத்தில் நின்றாள். கடைக்காரி ஸெவ்தாவிடம் காசு வாங்கவில்லை. அழுதுவிட்டாள்.

அங்கேயே ஸெவ்தா எங்களைப் போட்டோ எடுத்தாள். ஆளுக்கு ஒரு தாள், படத்துக்குக் கீழே பெயர், வயது. அடியில் அவள் எழுதிய வாசகம்: "பெண்கள் தின வாழ்த்துகள். எங்கள் மூவரில் ஒருத்திக்குப் புற்றுநோய். மற்ற இருவருக்கும் இல்லை. அது ஒட்டிக்கொள்ளாது. எங்களோடு காபி குடிக்க வாருங்கள்." நகலெடுக்கும் டிரிஃபோனிடம் கொடுத்தோம். சனிக்கிழமை, எட்டாம் தேதி, விடிந்ததும் பஸ் நிறுத்தத்துக் கம்பத்திலும் ரொட்டிக் கடைக் கதவிலும் நானே பசை தடவி ஒட்டினேன்.

இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அந்தக் கம்பத்தில் எங்கள் ஊரில் வேறு எதை ஒட்டுவார்கள்? செத்தவர்களின் நோட்டீஸைத்தான். செத்த அன்று ஒன்று, நாற்பதாம் நாள் ஒன்று, ஆறாம் மாதம், வருஷம். படம், பெயர், வயது. டிரிஃபோன் வாழ்நாள் முழுக்க அடித்தது அதையேதான். கலர் மை தீர்ந்துவிட்டதாம், கறுப்பு வெள்ளையில் அடித்தான். பழக்க தோஷத்தில் சுற்றிலும் மெல்லிய கறுப்புக் கோடும் போட்டிருந்தான். நான் கவனிக்கவில்லை. எத்தனையோ வருஷமாகப் பார்த்துப் பார்த்து அந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது.

மத்தியானத்துக்குள் நாங்கள் மூவரும் செத்துப்போயிருந்தோம். அடியில் இருந்த சின்ன எழுத்தை எவன் படித்தான்? வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட பாய்லர் வெடித்ததாம், மூன்று பேருக்கும் முடியெல்லாம் கருகிவிட்டதாம், அதனால்தான் போட்டோவில் மொட்டையாம். எதிர்வீட்டு பெனா டோப்ரின்காவின் கதவைத் தட்டினாள், கையில் நாலு கார்னேஷன் பூ. சாவுக்குத்தானே இரட்டைப்படையில் பூ கொண்டுபோவோம். கதவைத் திறந்தவள் டோப்ரின்காவே.

"வா பெனா. இன்னும் ஒரு பூ சேத்துக் கொண்டு வந்திருந்தா வாழ்த்துன்னு நெனச்சிருப்பேன்."

பெனா பூவைப் போட்டுவிட்டு ஓடினாள். சாயங்காலம் விருந்துக்குப் போகும் வழியில் அந்தக் கதையைச் சொல்லி டோப்ரின்கா சிரித்த சிரிப்பில் ஸெவ்தாவுக்கு விக்கல் வந்துவிட்டது.

உணவகத்தில் நாங்கள் நுழைந்ததும் பாட்டுக்காரன் பாதியில் நிறுத்தினான். சிலுவை போட்டுக்கொண்டவர்கள் உண்டு. மாரியெலா புதுச் சுருள்களோடு எழுந்து வந்து, "என்ன இது வேடிக்கை" என்றாள். யாரும் எங்களைப் போகச் சொல்லவில்லை. கைகோத்து வட்ட ஆட்டம் ஆரம்பித்தபோது டோப்ரின்காவின் ஒரு கையை நானும் மறுகையை ஸெவ்தாவும் பிடித்துக்கொண்டோம். மற்றவர்களுக்கு அது வசதியாகப் போயிற்று. அவள் கையை அந்த இரவு வேறு யாரும் தொடவேண்டி வரவில்லை.

அப்போதுதான் அவள் போன் அடித்தது. ஸ்விலென். வீடியோ. அவள் பார்த்துவிட்டு மேஜையில் கவிழ்த்து வைத்தாள். மறுபடி அடித்தது. மறுபடியும்.

"எடுடி" என்றேன். "ஊரே பாத்தாச்சு. பெத்த புள்ள பாக்கக்கூடாதா?"

"ஊரு பாத்தா எனக்கென்ன? அவனுக்கு மூஞ்சியில எதையும் மறைக்கத் தெரியாது, இஸ்க்ரா. என் புள்ள என்னைப் பாத்துப் பயப்படற மூஞ்சிய நான் பாத்துடக் கூடாது. அது ஒண்ணுதான் எனக்கு வேணும். மிச்சத்தை என்ன வேணா செஞ்சுக்கோங்க."

எங்களுக்குத் தெரியாதது இதுதான்: பெனா பூ வாங்கப் போவதற்கு முன்பே அந்த நோட்டீஸைப் போனில் படம்பிடித்து ஸ்விலெனுக்கு அனுப்பியிருந்தாள், "கடவுள் மன்னிக்கட்டும் தம்பி" என்று எழுதி. அப்புறம் டோப்ரின்காவை உயிரோடு பார்த்ததும் வெட்கம். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தி, போனையும் அணைத்துவிட்டாள். அவன் அம்மாவைக் கூப்பிட்டான், எடுக்கவில்லை. பெனாவைக் கூப்பிட்டான், எடுக்கவில்லை. போர்மேனிடம் அந்தப் படத்தைக் காட்டினான். அம்மா சாவுக்கு உண்டான விடுப்பு கொடுத்தார்கள். பல்கேரியாவுக்குப் புறப்படத் தயாராக இருந்த ஒரு வேனில் ஏறிவிட்டான். ஞாயிறு மத்தியானம் டோப்ரின்கா தூங்கி எழுந்து, "நேத்து சத்தத்துல கேக்கலடா" என்று செய்தி அனுப்பியபோது அவன் செர்பியாவுக்குள், போனை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். அங்கே ரோமிங்கில் பேசினால் தொழிற்சாலைக் கூலி முழுக்கப் போய்விடும். வீடு வந்து சேரும்வரை அதைத் திரும்பப் போடவே இல்லை.

திங்கட்கிழமை காலை நான் வேலைக்குப் போகும் முன் அவள் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. ஸெவ்தா என்று நினைத்து அப்படியே போய்த் திறந்தாள். ஏப்ரன், வெறுந்தலை.

ஸ்விலென் நின்றான். மூன்று நாள் தாடி. பெட்ரோல் பங்கில் வாங்கிய கறுப்பு டை. கையில் இரட்டைப்படைப் பூ.

அவள் எந்த முகத்தைப் பார்க்கக்கூடாது என்று கேட்டாளோ அதே முகம்தான். நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள். பயந்துபோய், வெளுத்து, ஒரு அடி பின்னால் போய்விட்டான். அவள் ஏப்ரனைத் தூக்கித் தலையில் போட்டு மூடிக்கொண்டாள். அப்படியே, ஏப்ரனுக்குள்ளிருந்து, "சாப்டியாடா?" என்றாள்.

அவன் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான்.

"உன்னைப் புதைக்க வந்தேன்மா" என்றான். "ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டர். வழியெல்லாம் உன்னைப் புதைச்சுட்டே வந்தேன்."

பிறகு வாயில் வந்ததையெல்லாம் திட்டினான். அவளை, என்னை, பெனாவை, டிரிஃபோனை, டிரிஃபோனின் அம்மாவை. திட்டித் தீர்ந்ததும் எழுந்து வந்து ஏப்ரனை இழுத்து எடுத்தான். அந்த மண்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதான். நான் காபியை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

மூன்று நாள் இருந்தான். அவள் சூப் வைத்தாள், அவன் மூன்று தட்டு குடித்தான். குளிர்காற்றில் அவள் மண்டைத் தோல் உரிந்திருந்தது, மருந்துக் கடையில் களிம்பு வாங்கி அவனே தடவிவிட்டான். கம்பத்திலிருந்து அவள் தாளை மட்டும் நகத்தால் சுரண்டி எடுத்தான். பிறகு இருவரும் கடைத்தெருவில் நடந்தார்கள், அவள் வெறுந்தலையோடு, அவன் கையைக் கோத்துக்கொண்டு. அந்த மூன்று நாள் அவள் சந்தோஷமாக இருந்தாள். இதை நான் சத்தியம் செய்து சொல்வேன்.

மற்றதெல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஏப்ரலில் பெற்றவர்கள் ஒரு மனு கொடுத்தார்கள், நாற்பத்தொரு கையெழுத்து. வேறு சமையல்காரியைப் போட்டார்கள். கையெழுத்துப் போட்டவர்களில் பதினாறு பேருக்குச் சின்ன வயதில் டோப்ரின்கா தன் கையால் ஊட்டியிருக்கிறாள். பட்டியலை வாங்கிப் பார்த்து எண்ணியவள் அவளேதான். காபி குடிக்க வந்தவர்கள் நாலு பேர். அதில் இருவர், டாக்டரிடம் காட்டப் பயந்து மாதக்கணக்கில் கட்டியை மறைத்து வைத்திருந்தவர்கள். தனியாக வந்தார்கள், இருட்டின பிறகு வந்தார்கள். டோப்ரின்கா ஒருத்தியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். மற்றவள் போகவில்லை.

மே மாதம் ஈரலுக்குப் பரவிவிட்டது என்றார்கள். ஜூன் கடைசியில் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. தலையில் ஒரு விரல் உயரத்துக்கு முடி வளர்ந்திருந்தது, நரைத்து, வாத்துக்குஞ்சு மாதிரி. நான் கேட்டேன்:

"ஸ்விலெனைக் கூப்பிடறேன்டி."

"வேணாம். என் சாவுக்கு அவன் ஒருதரம் வந்துட்டுப் போயிட்டான். ரெண்டாந்தரம் எதுக்கு அலையணும்? அப்பவாவது நான் சூப் வெச்சுக் குடுத்தேன்."

இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் அதே பதில். நான் கூப்பிடவில்லை. ஒன்பது நாள் கழித்து, வியாழக்கிழமை காலை, அவள் போய்ச் சேர்ந்தாள்.

அதன் பிறகுதான் கூப்பிட்டேன். வெயில் காலம், மறுநாளே அடக்கம் செய்தாக வேண்டும், விமானத்தில் வாடா என்றேன். டிரிஃபோன் அடித்த நோட்டீஸைப் படம்பிடித்து அனுப்பினேன். அரைமணியில் அவன் திரும்பக் கூப்பிட்டான். 

"போர்மேன் சிரிக்கிறான், அத்தை. மார்ச்ல இதே தாளைத்தானே நீ காட்டினேன்னு கேக்கறான். உனக்கு எத்தனை அம்மாங்கறான். அப்ப லீவுக்குச் சர்ட்டிபிகேட் குடுக்கலைன்னு ஏற்கெனவே எழுதி வெச்சிருக்காங்க. கேட்டைத் தாண்டினா திரும்ப வராதேங்கறான்."

"தாண்டுடா! வேலை போனாப் போவுது!"

தாண்டினான். ஆனால் அன்றைய விமானம் போய்விட்டிருந்தது. அடுத்தது சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஸெவ்தாவும் நானும் இன்னும் பன்னிரண்டு பேரும் நின்று அவளைப் புதைத்தோம். சவப்பெட்டியில் தலைத்துணி கட்டவேண்டும் என்றார்கள் பெண்கள். நான் விடவில்லை.

அவன் வந்தபோது மண் ஈரம் காய்ந்திருந்தது.  நாற்பதாம் நாள் வரைக்கும் ஊரிலேயே இருந்தான், அவள் வீட்டில், யாரோடும் சேராமல். நாற்பதாம் நாள் கல்லறைக்கு ரொட்டியும் ஒயினும் வேகவைத்த கோதுமையும் எடுத்துக்கொண்டு போனோம். ஒயினை மண்ணில் ஊற்றிவிட்டு அவன் கேட்டான்:

"அம்மா என்னைக் கேட்டாளா?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை.

"கேக்கலடா. நான்தான் கூப்பிடவான்னு கேட்டேன். அவ போறதுக்கு ஒம்போது நாள் முன்னாடி. வேணாம்னா. ஒருதரம் வந்துட்டுப் போயிட்டான்னா."

அவன் என்னைப் பார்த்தான். அவள் சொன்னது சரிதான், அவனுக்கு முகத்தில் எதையும் மறைக்கத் தெரியாது.

"நீங்க கூப்பிட்டிருக்கணும், அத்தை."

"அவ வேணாம்னு சொன்னாடா..."

"அவ வேணாம்னுதான் சொல்லுவா. என்னைக்கு எதை வேணும்னு சொல்லியிருக்கா? அவ உயிரோட இருக்கும்போது கூப்பிட்டிருந்தா என் சொந்த லீவுல வந்திருப்பேன். எவனையும் கெஞ்சியிருக்க வேணாம். நீங்க கூப்பிட்டிருக்கணும்."

கூப்பிட்டிருக்க வேண்டும்.  கோதுமைத் தட்டை அவனிடம் நீட்டினேன். ஒரு கரண்டி எடுத்துக்கொண்டான், அடுத்தவரிடம் கொடுத்தான்.